இப்ப சரியாயிடுச்சுங்க, விட்டுடலாமா?

உடல் கேள்வி–பதில்

நுரையீரல், சிறுநீரகம், காது, கால் நரம்பு என்று இந்த முறை கடிதங்கள் பல உறுப்புகளைப் பற்றி வந்திருக்கின்றன. ஆனாலும் பலரும் "இப்ப பரவாயில்லைங்க" என்று எழுதித்தான் முடித்திருக்கிறார்கள். அந்தப் 'பரவாயில்லை'யை எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் நம்பக்கூடாது என்பதையும் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

உடுமலைப் பக்கம் ஸ்பின்னிங் மில்லுல கார்டிங்ல, பஞ்சைச் சீவுற பக்கம், வேலை பார்க்கிறனுங்க. வார லீவு முடிஞ்சு போற அன்னைக்கு மட்டும் மத்தியானத்துக்கு மேல நெஞ்சை இறுக்கிப் பிடிக்குது, வறட்டு இருமல் வருது. ரெண்டு நாள்ல தானா சரியாயிடுது. வெல்லம் தின்னா பஞ்சு இறங்கிடும்ங்கறாங்க. நிசமுங்களா?
– மில் தொழிலாளி, உடுமலைப்பேட்டை

வெல்லம் வயிற்றுக்குப் போகும், பஞ்சுத்தூசு இருப்பது நுரையீரலில். தொண்டைக்குக் கீழே உணவுக்குழாய் வேறு, மூச்சுக்குழாய் வேறு. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் குரல்வளை மேலே எழும்பி, அதன் மூடி மூச்சுக்குழாயின் வாயை மறைத்துக்கொள்கிறது. வெல்லமோ வாழைப்பழமோ, விழுங்கிய எதுவும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

தூசை வெளியேற்ற உடம்பில் வேறு ஏற்பாடு இருக்கிறது. மூச்சுக்குழாய்களின் உள்சுவரில் சளி மெல்லிசாகப் பரவியிருக்கும். அதன் அடியில் உள்ள நுண்மயிர்கள் ஒரே திசையில் அசைந்து, தூசு ஒட்டிய சளியைத் தொண்டை வரை தள்ளிக் கொண்டுவந்து விடும். பெரிய தூசு மூக்கிலும் மேல் குழாய்களிலுமே சிக்கிவிடும். சுமார் 5 மைக்ரானுக்கும் சிறியது ஆழத்தில் உள்ள காற்றுப்பைகள் வரை போகும். அந்தக் காற்றுப்பைகள் 30 கோடிக்கும் மேல். பீடி, சிகரெட் பிடித்தால் நுண்மயிர்கள் முடங்கிப்போகும். பஞ்சு மில்லில் வேலை, கையில் பீடி என்றால் பாதிப்பு இரட்டிப்பு.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி 'பிஸினோசிஸ்' என்கிற பஞ்சுத்தூசு நோயின் தொடக்கம் போலத் தெரிகிறது. தூசோடு வரும் பாக்டீரியா நச்சு மூச்சுக்குழாய்த் தசைகளை இறுக்குகிறது. தினமும் அதே காற்றைச் சுவாசிக்கும்போது உடம்பு ஓரளவு பழகிவிடும். லீவில் அந்தப் பழக்கம் விட்டுப்போவதால், திரும்பிப் போகும் முதல் நாள் இறுக்கம் முழு வேகத்தில் வரும். புத்தகங்களில் இதைத் திங்கட்கிழமை இறுக்கம் என்பார்கள். உங்கள் மில்லில் புதன்கிழமை லீவு என்றால் உங்களுக்கு அது வியாழக்கிழமை. டாக்டரிடம் "எப்பவாவது வருது" என்று சொல்லிவிடாதீர்கள். லீவுக் கணக்கோடு சேர்த்துச் சொன்னால்தான் அவருக்குப் பிடிபடும்.

ரெண்டு நாளில் அடங்குகிறதே என்று விட்டால், வருசங்கள் போகப்போக இறுக்கம் மற்ற நாட்களுக்கும் பரவும். கடைசியில் லீவு எடுத்தாலும் மூச்சு பழையபடி திரும்பாது. ஊதிப் பார்க்கும் 'பீக் ஃப்ளோ மீட்டர்' ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லீவு முடிந்து போகும் அன்று வேலைக்கு முன்னும், ஷிப்ட் முடிந்ததும் மூன்று மூன்று முறை ஊதி, இரண்டு வேளையிலும் வந்த பெரிய எண்ணைக் குறித்து வையுங்கள். ஷிப்ட் முடிந்த எண், வேலைக்கு முன் வந்த எண்ணைவிடப் பல வாரம் தொடர்ந்து 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அந்தச் சீட்டோடு ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் போய் 'ஸ்பைரோமெட்ரி' என்ற மூச்சுத்திறன் சோதனை கேளுங்கள். ஈ.எஸ்.ஐ.க்கான தொழில்நோய்ப் பட்டியலில் இந்த நோய் இருக்கிறது. கர்ச்சீப் கட்டுவதால் நுண்தூசு நிற்காது. மூக்கோரம் காற்று கசியாமல் அழுத்திப் போட்ட 'என்-95' முகக்கவசம் ஓரளவு காக்கும். பஞ்சைப் பிரித்துத் தூசு தட்டும் புளோ ரூம், கார்டிங்கை விட்டுத் தூசு குறைந்த பிரிவுக்கு மாற்றிக் கேட்பது அதைவிட நல்லது.

பனியன் கம்பெனியில செக்கிங். காலைல 8:30க்கு நின்னா ராத்திரி வரைக்கும் நிக்கணும். கால்ல நரம்பு பச்சை பச்சையா சுருண்டு நிக்குதுங்க. சாயந்தரம் கணுக்கால் வீங்குது, தூங்கி எந்திரிச்சா வத்திடுது.
– வாசகி, திருப்பூர்

நீங்கள் நரம்பு என்பது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய். இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. காலுக்கு இறங்கிய பங்கை மேலே ஏற்றும் வேலை பெரும்பாலும் கெண்டைச்சதையுடையது. நடக்கும்போது சதை இறுகிச் சிரையைப் பிழியும், ரத்தம் மேலே போகும். போனது கீழே இறங்காதபடி சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. கிணற்று மோட்டாரில் புட்வால்வு கசிந்தால் குழாய்த் தண்ணீர் மறுபடி கிணற்றுக்கே இறங்கிவிடுமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. பாதரச அளவுக்கு ஏறும். நடந்தால் 30-க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே உங்கள் காலைக் கெடுப்பது நிற்பது என்பதைவிட, அசையாமல் நிற்பது. அரை மணிக்கொரு தரம், மேஜையைப் பிடித்தபடியே குதிகாலை 20 தடவை தூக்கி இறக்குங்கள். அதற்கு யாரிடமும் பர்மிஷன் கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் 15 நிமிடம், கால் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி தலையணை அடுக்கிப் படுங்கள். அழுத்தக் காலுறை போடுவதானால் காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும். வீங்கிய பிறகு போட்டால் வீக்கத்தையும் உள்ளே வைத்துக் கட்டியது மாதிரி ஆகிவிடும். வாங்குவதற்கு முன் பாதத்தில் நாடித்துடிப்பு சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும். ரத்தத்தைக் காலுக்குக் கொண்டுவரும் தமனியில் அடைப்பு உள்ள காலுக்கு இந்தக் காலுறை ஆகாது.

காலையில் வற்றிவிடும் வரை அவசரமில்லை. கணுக்காலின் உள்பக்கம் தோல் பழுப்பாகி அரிக்கத் தொடங்கினால் அடுத்தது புண். அதற்குள், சிரையில் ரத்தம் ஓடும் விதத்தைக் காட்டும் 'டாப்ளர் ஸ்கேன்' எடுத்துவிடுங்கள். ஒரே காலில் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே போங்கள். இரண்டு காலும் சமமாக வீங்கி, முழங்காலுக்குக் கீழ் எலும்பின் மேல் கட்டைவிரலால் 10 விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுகிறது என்றால் சிரையை மட்டும் பார்த்தால் போதாது. இதயம், சிறுநீரகம், கல்லீரல், ரத்தசோகை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பி.பி.க்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலும் கால் வீங்கும்.

சுருண்ட சிரை இடித்துக்கொண்டு ரத்தம் பீறிட்டால் படுத்து, காலை உயர்த்தி, துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். மேலே கயிறு போட்டுக் கட்டினால் ரத்தம் இன்னும் கூடத்தான் வரும்.

எங்க ஐயனுக்கு 7 மி.மீ. கல்லுன்னு ஸ்கேன்ல வந்துச்சுங்க. ரெண்டு நாள் துடிச்சாரு. அப்பறம் வலியே இல்லை. கல்லு கரைஞ்சுடுச்சுன்னு வாழைத்தண்டு சாறோட நிறுத்திட்டாரு. எங்க ஊர்ல உப்புத்தண்ணிதான், அதனாலதானுங்களா கல்லு வருது?
– வாசகர், தாராபுரம்

வலி நின்றதை வைத்துக் கல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. இந்தக் கேள்வியை நாங்கள் தள்ளிப்போடாமல் எடுத்துக்கொண்டதற்கே அதுதான் காரணம்.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு வடித்து, அதில் 99 சதவீதத்தை ரத்தத்துக்கே திருப்பிவிட்டு, ஒன்றரை, இரண்டு லிட்டரைச் சிறுநீராக அனுப்புகின்றன. அந்தச் சிறுநீர் இறங்கும் குழாய் 25 செ.மீ. நீளம், 3, 4 மி.மீ. அகலம்தான். அதிலும் மூன்று இடத்தில் குறுகல்: சிறுநீரகத்தை விட்டுக் கிளம்பும் இடம், இடுப்பில் பெரிய ரத்தக்குழாயைத் தாண்டும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். கல் சிக்கினால் குழாய் அதைத் தள்ள முறுக்கும், மேலே சிறுநீர் தேங்கிச் சிறுநீரகத்தை விரிக்கும். விலாவில் கிளம்பி அடிவயிற்றுக்கு இறங்கும் அந்தத் துடிப்பு இதனால்தான்.

சில நாள் போனால் குழாய் தளர்ந்துவிடும், அடைபட்ட சிறுநீரகம் வடிகட்டுவதையும் குறைத்துக்கொள்ளும். அழுத்தம் குறைந்ததும் வலியும் நிற்கும். கல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். இப்படியே மாதக்கணக்கில் விட்டு, ஒரு பக்கச் சிறுநீரகமே பாழானவர்கள் உண்டு. 5 மி.மீ.க்குக் கீழே பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். 10-க்கு மேல் இறங்குவது அரிது. 7 நடுவில் நிற்கிறது. எனவே நான்கு வாரத்துக்குள் மறு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். குளிர் காய்ச்சல், சிறுநீர் வராமை, ஒரே சிறுநீரகம் உள்ளவர் என்றால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். அடைப்புக்கு மேல் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. மறு ஸ்கேன் வரை சிறுநீரைத் துணியில் வடிகட்டி, கல் கிடைத்தால் எறியாமல் பரிசோதனைக்குக் கொடுங்கள். என்ன வகை என்று தெரிந்தால்தான் பத்தியம் சொல்ல முடியும்.

உப்புத்தண்ணியைப் பற்றி. அதிலுள்ள சுண்ணாம்பு மட்டும் கல்லை உண்டாக்கிவிடாது. ருசி பிடிக்காமல் குறைவாகக் குடிப்பதும், வெயிலில் வேர்வையாகப் போவதும்தான் சிறுநீரைக் கெட்டியாக்குகிறது. எவ்வளவு குடித்தார் என்று எண்ண வேண்டாம், எவ்வளவு வெளியே போகிறது என்று பாருங்கள். லீவு நாளில் ஒரு பழைய லிட்டர் பாட்டிலை வைத்து 24 மணி நேரம் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு முதல் இரண்டரை லிட்டர் இருக்க வேண்டும். அதிகம் பேருக்கு வருவது கால்சியம் ஆக்சலேட் கல். கால்சியம் என்ற பெயரைப் பார்த்துப் பாலையும் தயிரையும் நிறுத்துவார்கள், அது தலைகீழ். சாப்பாட்டோடு போகும் கால்சியம், உணவிலுள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். குறைக்க வேண்டியது உப்பை. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். எலுமிச்சையில் உள்ள சிட்ரேட் கல் சேர்வதைத் தடுக்கும், ஆனால் உப்புப் போட்டுக் குடித்தால் பயனில்லை. வாழைத்தண்டு சாறு குடிக்கட்டும், தண்ணீர் சேர்கிறது. 7 மி.மீ. கல்லை அது கரைக்கும் என்று நம்பி ஸ்கேனை விட வேண்டாம்.

பல்லடம் பக்கம் தறிக்குடோன்ல 20 வருசமா இருக்காருங்க எங்க மாமா. பேசறது கேக்குது, ஆனா புரியலைங்கறார். காதுல அழுக்கா இருக்குமோன்னு எண்ணெய் விடறோம்.
– வாசகி, கரடிவாவி

எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள். 'கேக்குது, புரியல' என்பது அழுக்கு அடைப்பு பேசும் பேச்சு அல்ல. ஒலி செவிப்பறையில் பட்டு, மூன்று சின்ன எலும்புகள் வழியாக நத்தைச்சுருள் போன்ற உள்காதுக்குப் போகிறது. அங்கே காது ஒன்றுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் அதை நரம்புக்கான மின்குறியாக மாற்றுகின்றன. செத்த மயிர்ச்செல் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. தறிச்சத்தத்தில் முதலில் சாவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ளவை. 'ச', 'த', 'க' மாதிரி மெய்யொலிகளின் கூர்மை உயர்ந்த அலைவரிசையில்தான் இருக்கிறது. உயிரொலி கேட்கும், மெய்யொலி உதிர்ந்துவிடும். அதனால்தான் சத்தம் காதில் விழுந்தும் பேச்சு விளங்குவதில்லை. குழந்தைகள் பேசுவது இன்னும் சிரமம்.

தொழிற்சாலைகளுக்கு நம் நாட்டில் வரம்பு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். மீட்டர் இல்லாமலே பார்க்கலாம்: கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் காதைக் கெடுக்கும் அளவுதான். பஞ்சு வைப்பது உதவாது. ஃபோம் காதடைப்பானைக் குச்சி மாதிரி உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து நுழைத்து, அது விரியும் வரை 30 விநாடி விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே தெரிந்தால் சரியாகப் போடவில்லை. கேட்கும் திறனை அளக்கும் 'ஆடியோகிராம்' எடுக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி தறிக்குப் போகாமல் இருக்கட்டும். போனால் தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகிவிடும்.

அப்பாருக்கு பி.பி. ஆஸ்பத்திரில 160, ஊட்ல 130. எதை நம்பறது?
– வாசகர், பொள்ளாச்சி

வீட்டில் அளந்த விதம் சரியென்றால் வீட்டு எண்ணை. டீ குடித்தோ பீடி பிடித்தோ அரை மணி ஆகியிருக்க வேண்டும், சிறுநீர் கழித்திருக்க வேண்டும். முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கையில் சுற்றும் பட்டை சட்டைக்கு மேலே வேண்டாம். கை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் இருக்கட்டும், 10 செ.மீ. கீழே தொங்கினாலே 7, 8 புள்ளி கூட்டிக் காட்டும். குண்டுக் கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் கூட்டியே காட்டும். ஒரு வாரம் காலை, மாலை இரண்டிரண்டு முறை எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி போடுங்கள். 135/85-க்கு மேல் என்றால் வீட்டிலும் ரத்தக்கொதிப்புதான்.

குழந்தைக்கு வயித்தால போகுதுங்க. எளநீயும் குளுக்கோஸும் குடுத்தாப் போதுமுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

போதாது. குடலின் சுவரில் உள்ள ஒரு கடத்தி, குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால்தான் இரண்டையும் உள்ளே இழுக்கும், பின்னாலேயே தண்ணீரும் போகும். வயிற்றுப்போக்கிலும் அது பெரும்பாலும் வேலை செய்கிறது. குளுக்கோஸ் பொடியில் உப்புப் போதாது, சர்க்கரை கூடினால் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி. மருந்துக்கடையில் உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கொட்டிக் கலக்குங்கள். 'லிட்டர் பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளருக்கு' என்ற கைக்கணக்கு ஆபத்து. கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி. ஒவ்வொரு போக்குக்குப் பிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி வந்தால் 10 நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக. 24 மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிடுங்கள்.

தாய்ப்பாலும் குழைந்த பருப்பு சாதமும் நிற்க வேண்டாம். துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் சேர்த்து மொத்தம் 14 நாள் கொடுக்க வேண்டும், பாதியில் நிறுத்துவது இங்கேதான் அதிகம். கண் குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ ஆஸ்பத்திரி.

மஞ்சக்காட்டுக்கு மருந்தடிச்சவரு சாயந்தரம் வாயில எச்சி ஊத்தி, கண்ணு மங்கி விழுந்துட்டாரு. ரெண்டாம் நாள் தெளிஞ்சு டிஸ்சார்ஜ் கேக்கறாரு. கூட்டிட்டு வந்துடலாமுங்களா?
– வாசகர், கொடுமுடி

மருத்துவர் விடும்வரை வேண்டாம். குளோர்பைரிபாஸ், புரொஃபெனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் தோல் வழியாகவே உள்ளே போகும். நரம்பு தசைக்குச் சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளைவிடும். சேதி போனதும் அதை ஒரு நொதி உடைத்துவிட வேண்டும். இந்த மருந்து அந்த நொதியை முடக்கிவிடுவதால் சேதி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எச்சில், வேர்வை, பேதி, ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணி, துடிக்கும் தசைகள், நுரையீரலில் நீர் என்று வரிசையாக வரும். அட்ரோபின் இவற்றில் பெரும்பாலானதை அடக்கும், தசையின் பலவீனத்தை அடக்காது. விஷம் ஏறி 24 முதல் 96 மணி நேரத்துக்குள், மற்றதெல்லாம் தெளிந்த பிறகு, கழுத்தும் மூச்சுத்தசையும் தளர்வது உண்டு. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று ஆஸ்பத்திரியில் அடிக்கடி கேட்பது இதற்காகத்தான்.

இனி யாருக்காவது நேர்ந்தால்: உடுப்பைக் கழற்றி, முடி, நகக்கண், தொப்புள் உட்பட சோப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், கழுவுபவர் கையில் உறை போடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், முட்டை, உப்புத்தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து 108-க்குக் கூப்பிடுங்கள். மருந்துப் பாட்டிலையும் கூடவே எடுத்துப் போங்கள், லேபிளைப் பார்த்தால் சிகிச்சை வேகமாகும். நாசில் அடைத்தால் வாயில் வைத்து ஊதுகிற பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். அதற்கு ஒரு பழைய டூத் பிரஷ் போதும்.

வெறும் வயித்துல சுகர் 108, மூணு மாசச் சராசரி 8.1. லேப் தப்புங்களா? ராத்திரிக்கு ராகிக் களிதான் சாப்பிடறேன்.
– வாசகர், காங்கயம்

லேப் தப்பாக இருக்க வேண்டியதில்லை. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அதுவரை அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் மூன்று மாதச் சராசரிச் சோதனை எண்ணுகிறது. காலையில் ஒழுங்காக இருந்து, சாப்பிட்ட பிறகு ஏறுகிறவர்களுக்கு இப்படித்தான் வரும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தாலும் கூட்டிக் காட்டும், ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ராகி மாவிலும் 100 கிராமுக்குச் சுமார் 70 கிராம் மாவுச்சத்து உண்டு, அரிசிக்கு அதிகம் பின்தங்கியதில்லை. நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் வேகமாகவே ஏறும். களி முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் விரலில் குத்திப் பாருங்கள். 180-க்கு மேல் போனால் உருண்டையைச் சின்னதாக்கி, கீரைக் கடைசலை இரட்டிப்பாக்குங்கள்.